பில்ஸ்னர்: மூன்றாவது சனிக்கிழமை

பில்ஸ்னர் என்ற பீரை சனிக்கிழமைதோறும் ருசித்து நோட்டில் குறித்துவருகிறேன். முதல் சனிக்கிழமை எழுதியிருப்பது இரண்டே வார்த்தை: "நல்லா இருக்கு." படிக்க வெட்கமாக இருக்கிறது. பெங்களூர் இந்திராநகரில் ஒரு மைக்ரோபுரூவரி, அங்கேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் இடம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கிளாஸ், மேலே பனி பூத்திருந்தது. இரண்டு மடக்கில் பாதி காலி. ஜில்லிப்பைத் தவிர நாக்குக்கு எதுவும் எட்டவில்லை.

அடுத்த வாரம் வேறொரு இடம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே தியேட்டர் பாப்கார்ன் வாசம். அது டயசெட்டில் என்ற வேதிப்பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட்டால் உண்டாகும். நாள் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரமாக இறக்கினால் வெண்ணெய் வாசம் தங்கிவிடும்.

பில்ஸ்னருக்கு அவசரம் ஆகாது. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகை; பில்ஸ்னர் லாகர். ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டி மளமளவென்று வேலையை முடித்துவிடும். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி பக்கம்தான் பிடிக்கும். அதற்கப்புறமும் கடுங்குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும், அதுவரை டேங்க் அடைபட்டிருக்கும். பெங்களூரில் எங்கே போனாலும் முதலில் ஏல் வகையான கோதுமை பீரை நீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

இந்த வாரம் மறுபடி இந்திராநகர். சாதா கிளாஸில் கேட்டேன். "கூலிங் வேண்டாமா சார்?" என்று பரிதாபமாகப் பார்த்தார் பரிமாறுபவர். வந்ததும் ஐந்து நிமிடம் தொடவில்லை. வைக்கோல் நிறம், இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. முதலில் ஈரப்புல் வாசம், அதன் பின்னால் மிளகை நினைவூட்டும் ஒரு காரம். இரண்டும் பீரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ தருவது. அடியில் பிரெட்டின் ஓரத்தைக் கடித்த மாதிரி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. கசப்பு சுருக்கென்று வந்தது, விழுங்கியதும் போய்விட்டது. சுண்டைக்காய் வற்றல் மாதிரி தொண்டையில் உட்கார்ந்து அடம்பிடிக்கவில்லை.

1842இல் பவேரியாக்காரர் யோசஃப் க்ரோல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் இதை முதன்முதலில் காய்ச்சியபோது அவருக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று அந்த ஊர்த் தண்ணீர். உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். ஹாப்ஸை தாராளமாகப் போட்டாலும் கசப்பு முரடாகாது.

குடிக்கக் குடிக்க கிளாஸின் உட்புறம் நுரை வளையம் வளையமாக ஒட்டி நின்றது. ஐந்து எண்ணினேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள கிளாஸில் இது நிற்காது. கூட வந்த நண்பன் மசாலா கடலை தின்ற வாயோடு குடித்தான்; அவன் நுரை மூன்று நிமிடத்தில் படுத்துவிட்டது. "எல்லாம் ஒரே பீர்தானேடா" என்றான். நானும் ஒரு பிடி கடலை தின்றேன், தப்பு. காரம் இறங்கும்வரை பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் கடைசி மடக்கு சூடேறிவிட்டது. வேகவைத்த மக்காச்சோளம் போல லேசாக ஒரு வாசம். பில்ஸ்னர் மால்ட்டைப் போதுமான நேரம் கொதிக்கவிடாவிட்டால் இது வரும். இல்லை, பக்கத்து மேசையில் வந்திறங்கிய ஸ்வீட் கார்னா? திரும்பிப் பார்த்தேன், அங்கே ஒரு தட்டு இருக்கத்தான் செய்தது. நோட்டில் கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறேன். அடுத்த டேங்க் திறக்கட்டும், தனியாகப் போய்ப் பார்க்கிறேன்.