நிலைபேறான அபிவிருத்தி வினாவில் எனக்கு 6 புள்ளி கிடைத்த கதை

உயர்தரத்தில் புவியியல் எடுக்கும் தம்பி தங்கைகள் சிலர், "நிலைபேறான அபிவிருத்தியைச் சுற்றாடல் பாதுகாப்போடும் காலநிலைக் கொள்கையோடும் தொடர்புபடுத்துக என்று வந்தால் என்ன எழுதுவது?" என்று கேட்டிருந்தார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதில் எனக்கு நல்ல அனுபவம்.

ரியூசனில் வைத்த மாதிரிப் பரீட்சையில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். நிலைபேறான அபிவிருத்திக்கு 1987 புருண்ட்லாந்து அறிக்கை (ஐ.நா. ஆணைக்குழுவின் அறிக்கை) தந்த வரைவிலக்கணம், அதாவது வருங்காலத் தலைமுறையின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது, ஐ.நா.வின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஞாபகம் வந்த 13, பிறகு சுற்றாடல், காலநிலை மாநாடுகளான ஸ்டொக்ஹோம் 1972, ரியோ 1992, கியோட்டோ 1997, பாரிஸ் 2015. ஓர் ஆண்டுகூடப் பிழையில்லை. 20க்கு 6! சேர் ஒன்றையும் வெட்டவில்லை. பந்திக்கும் பந்திக்கும் நடுவில் நான் விட்டிருந்த வெற்று வரிகளில் மட்டும் சிவப்புப் பேனையால் ஒவ்வொரு கேள்விக்குறி போட்டிருந்தார். "தொடர்புபடுத்துக எண்டெல்லே கேட்டுக் கிடக்கு. நீர் மூண்டு பட்டியல் தந்திருக்கிறீர்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது தண்ணீரை. யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாக நிற்கிறது. நாங்கள் குடிப்பதும் அதைத்தான், வெங்காயத்துக்கு இறைப்பதும் அதைத்தான். மோட்டர் போட்டு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். உரத்தின் நைத்திரேற்று கீழே போகும். இன்றைய விளைச்சலுக்காக நாளைய பிள்ளையின் குடிநீரைக் கெடுக்கலாமா என்பதுதானே புருண்ட்லாந்து கேட்டதும்? இந்த இடத்தில் வரைவிலக்கணத்தைச் சேர்த்துவிட்டால் அதற்கென்று தனிப் பந்தி தேவையில்லை.

அடுத்தது யாழ்ப்பாணத்தில் மின் நிலையம் இருந்த சுன்னாகம். மின்சாரம் அபிவிருத்திதான், ஆனால் மின் உற்பத்தியோடு வந்த கழிவெண்ணெய் அங்குள்ள கிணறுகளில் கலந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. அது ரியோ பிரகடனத்தின் 16ஆவது கோட்பாடு. 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

காலநிலைக்கு உதாரணமாக நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரையிலுள்ள தாளையடியை எடுத்தேன். கடல்நீரை நன்னீராக்க 2024இல் திறக்கப்பட்ட நிலையம் அங்கே இருக்கிறது. கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். காலநிலை மாறி நிலத்தடி நீர் கைவிடும்போது அதற்கேற்ப மாற்றுவழி தேடுவது இசைவாக்கம். ஆனால் கடல்நீரை மென்சவ்வுக்குள் அழுத்தித் தள்ள மின்சாரம் நிறையத் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரியிலோ எண்ணெயிலோ வந்தால், ஒரு கையால் இசைவாக்கம் செய்துகொண்டே மறு கையால் காபனை விடுகிறோம். 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாக இலங்கை பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் சொல்லியிருக்கிறது. அந்த வாக்குறுதியை இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதற்கு வேலை இருக்கிறது. தணிப்பு (காபன் வெளியேற்றத்தைக் குறைப்பது), இசைவாக்கம் இரண்டையும் குழப்புபவர்களுக்கும் இந்த உதாரணம் உதவும்.

இரண்டு பொறிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1987இல்தான் மொன்றியல் உடன்படிக்கையும் வந்தது. அது ஓசோன் படை சம்பந்தப்பட்டது, காலநிலைப் பந்திக்குள் இழுக்காதீர்கள். மற்றது, நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 2015 செப்டெம்பரிலும் பாரிஸ் உடன்படிக்கை அதே வருடம் டிசெம்பரிலும் வந்தன; இரண்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஆனால் காலநிலை 13ஆவது இலக்கு என்பதால் இரண்டையும் ஒரே வசனத்தில் இணைக்கலாம்.

எழுதத் தொடங்க முன்னர் ஐந்து நிமிடம் எடுத்து, கிணறு, சுன்னாகம், தாளையடி என்று மூன்று சொல் எழுதி நடுவில் அம்புக்குறி போடுவேன். அம்புக்குறிக்கு மேலே ஒரு காரணச் சொல் எழுத வராவிட்டால் அந்த உதாரணத்தையே மாற்றுவேன்.

அடுத்த பரீட்சையில் 20க்கு 15. அதிலும் ஒரு கேள்விக்குறி இருந்தது. தாளையடிப் பந்தியின் ஓரத்தில், "பிரிச்செடுத்த உப்புத் தண்ணி எங்க போகுது?" அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்களை நான் மறந்தே போயிருந்தேன்.