பழைய ஃபைலை எடுத்துவந்த பெண்

பின்லேடனை அமெரிக்கா தேடிக் கொன்ற கதையைச் சொல்லும் ‘ஜீரோ டார்க் தர்ட்டி’ படத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கடைசி அரை மணி நேரத்தைத்தான் சொல்கிறார்கள். ஹெலிகாப்டர்கள், இருட்டில் பச்சை வெளிச்சம், பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அவன் ஒளிந்திருந்த வீட்டில் ஒவ்வொரு கதவாக உடைத்துக்கொண்டு மேலே ஏறுவது. நன்றாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மோசடி விசாரணை என்று கம்பீரமாகப் பெயர் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பழைய வவுச்சர்களையும் ஈமெயில்களையும் தோண்டிக்கொண்டிருக்கிற உள்தணிக்கைக்காரனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்த காட்சி வேறு. அதில் துப்பாக்கியே கிடையாது.

பின்லேடனின் தூதுவன் அபு அகமதை, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் அதிகாரி மாயா வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பாள். அவன் செத்தே போய்விட்டான் என்று ஒரு தகவல் வந்து, தேடலே முடிந்துபோன மாதிரி ஆகிவிடும். அப்போது ஜூனியர் பெண் ஒருத்தி வந்து ஒரு தாளை நீட்டுவாள். அவனுடைய உண்மையான பெயர் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பட்டியலில் அப்போதே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் உலகம் முழுக்கத் தகவல்கள் கொட்டியதில் இதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். செத்தவன் அவனுடைய அண்ணனோ தம்பியோ என்று அதன்பிறகுதான் விளங்கும்.

என் வேலை முழுக்கவே இந்தக் காட்சிதான். நாங்கள் தேடுவது பெரும்பாலும் எங்கள் சிஸ்டத்திலேயே இருக்கும். ஒரே சப்ளையர் இரண்டு ஸ்பெல்லிங்கில் இரண்டு வெண்டர் கோடாகப் பதிவாகியிருப்பார், ஒரே பில்லுக்கு இரண்டிலும் பணம் போயிருக்கும், இதைப் பார்த்துவிட்டு ஸ்டோர்ஸில் இருந்த யாரோ ஒரு கிளார்க் எப்போதோ ஒரு மெயில் போட்டிருப்பார், அதற்குப் ‘பார்க்கிறோம்’ என்று ஒரு வரி பதிலும் போயிருக்கும். அப்புறம் அவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். நாங்கள் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அறிக்கை எழுதுவோம்.

படம் சறுக்குவதும் இங்கேதான் என்பது என் கருத்து. மாயா தனியாகவே முட்டி மோதி ஜெயிப்பதாகக் காட்டினால்தான் சினிமா நிற்கும், புரிகிறது. ஆனால் 2012 டிசம்பரில் படம் வந்தபோது சி.ஐ.ஏ.வின் தற்காலிக இயக்குநராக இருந்த மைக்கேல் மொரெல், இது நூற்றுக்கணக்கான அதிகாரிகள் சேர்ந்து செய்த வேலை என்று ஊழியர்களுக்கே எழுத வேண்டி வந்தது. சித்திரவதை இல்லாமல் பின்லேடனைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்கிற எண்ணத்தைப் படம் உண்டாக்குவது தவறு என்றும் அதில் சொன்னார். அமெரிக்க செனட்டர்கள் ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன் மூவரும் சேர்ந்து படத்தை வெளியிட்ட சோனி நிறுவனத்துக்கே கடிதம் அனுப்பினார்கள். 2014இல் வெளியான செனட் உளவுக் குழு அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தத் தூதுவனைப் பற்றிக் கைதிகளிடமிருந்து கிடைத்ததில் மிகத் துல்லியமான தகவலை ஹசன் குல் என்பவர் கொடுத்தார், அதுவும் அவரைத் துன்புறுத்தத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டார் என்கிறது அது. சி.ஐ.ஏ. அந்த அறிக்கையில் பலவற்றை ஏற்கவில்லை, அது தனிக் கதை.

நாங்கள் யாரையும் அடிப்பதில்லை, சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால். ஆனால் ‘கூப்பிட்டு உட்கார வைத்து நெருக்கினால் கக்கிவிடுவான்’ என்று சொல்லும் மேலதிகாரிகளை நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன். நெருக்கினால் கக்குவார்கள்தான், நாம் எதைக் கேட்க ஆசைப்படுகிறோமோ அதை. கேள்வியிலேயே ஒரு பெயர் இருந்தால் பதிலிலும் அதே பெயர் வரும், பிறகு அது சரியா என்று பார்ப்பதிலேயே வாரங்கள் ஓடிவிடும். உருப்படியான தகவல் வருவதெல்லாம், இந்த பில் உங்கள் டேபிளுக்கு எந்த வழியாக வரும் சொல்லுங்கள் என்று வேலையைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்கும்போதுதான். தன் வேலையை விளக்கச் சொன்னால் பேசாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த சதவீதக் காட்சியையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருப்பது பின்லேடன்தானா என்று சி.ஐ.ஏ. இயக்குநர் சுற்றி வரக் கேட்பார். ஒவ்வொருவரும் அறுபது, எண்பது என்று பட்டும்படாமல் ஒரு எண்ணைச் சொல்ல, மாயா மட்டும் நூறு என்பாள். தியேட்டரில் கைதட்டத் தோன்றும் இடம். ஆனால் நிஜத்தில் ஒபாமா பிறகு ஒரு டிவி பேட்டியில் அதை 55-45 நிலைமை என்றுதான் சொன்னார், அதை வைத்துக்கொண்டுதான் 2011 மே மாதம் ஆட்களை அனுப்பியிருக்கிறார். எனக்கு இந்த 55தான் பிடித்திருக்கிறது. எங்கள் கமிட்டியிலும் ‘நிச்சயமா?’ என்று கேட்பார்கள். ‘இதுவரை பார்த்ததில் இப்படித்தான் தெரிகிறது, இந்த இரண்டு ஆவணம் கிடைத்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்’ என்றால் முகம் சுருங்கும். நூறு என்று அடித்துச் சொல்கிறவனுக்குத்தான் கெட்டிக்காரன் என்று பெயர். அவன் சொன்னது பொய்த்துப்போனால் அடுத்த மீட்டிங்கில் யாரும் அதைக் கிளறுவதுமில்லை.

கண்ணாடிச் சுவரில் மாயா சிவப்பு மார்க்கரால் நாட்களை எழுதி எழுதி அழிப்பாளே, அதைப் பார்த்து எங்கள் டீமில் ஒரு பையன் வெள்ளைப் பலகையில் அதே மாதிரி எழுத ஆரம்பித்தான். மேனேஜருக்கு எரிச்சல் வந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நாளாக என் அறிக்கைகளில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கிறேன்: இந்த விஷயத்தை முதலில் எழுத்தில் பதிந்தவர் யார், எந்தத் தேதியில். ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தாலும் சரி, விலகிப்போனவராக இருந்தாலும் சரி. அந்தத் தேதிக்கும் நாங்கள் விசாரணை தொடங்கிய தேதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலே உள்ளவர்கள் கண்ணை உறுத்துகிறது போல, ‘இது தேவையா?’ என்று ஒவ்வொரு முறையும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் அதே வரியோடு மறுபடி அனுப்புகிறேன்.