காட்டு முள்ளங்கி

ஆலங்குளம் பக்கம் முள்ளங்கி விதைத்தவர்களுக்குத் தெரியும், ஈரம் இருந்தால் மூன்று நாலு நாளிலேயே பாத்தியில் முளை எட்டிப் பார்த்துவிடும். இந்த வேகம்தான் அதன் தாவரவியல் பெயரிலேயே இருக்கிறது. ‘ராஃபனஸ்’ என்ற கிரேக்க வழிப் பெயருக்கு ‘சட்டென்று தோன்றுவது’ என்று பொருள் சொல்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்!

அந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிக்கு 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தந்த பெயர் ராஃபனஸ் ராஃபனிஸ்ட்ரம். ‘இஸ்ட்ரம்’ என்ற அந்த வால் பகுதிக்கு ‘அதைப் போன்றது, ஆனால் காட்டு வகை’ என்று அர்த்தம். மத்தியதரைக் கடல் நாடுகள்தான் பூர்வீகம். நம்ம முள்ளங்கி மாதிரி கிழங்கு பருக்காது. வெளிர் மஞ்சளிலோ வெள்ளையிலோ நாலு இதழ், அதில் கருநரம்பு ஓடும்.

எனக்குப் பிடித்தது அதன் காய். மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். காய்ந்ததும் வெடிக்காது, கணுக்கணுவாக ஒடியும். ஒவ்வொரு துண்டிலும் கெட்டி ஓட்டுக்குள் ஒரு விதை. மண்ணில் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் கோதுமை விவசாயிகளின் பெரிய தலைவலிகளில் இதுவும் ஒன்று.

அப்புறம், தோட்டத்தில் முற்றிப்போன முள்ளங்கியை எல்லாம் பிடுங்கிப் போடாதீர்கள். ஒன்றிரண்டைப் பூக்க விடுங்கள். பிஞ்சுக் காயைத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் வைக்கலாம், லேசான காரத்தோடு நன்றாக இருக்கும்.