துணைவர் வன்முறை பற்றி ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் முதுகலை ஆய்வேட்டுக்கு, கணவரோ காதலரோ செய்யும் வன்முறையின் காரணங்களையும் விளைவுகளையும் எடுத்துக்கொண்டேன். இதே தலைப்பில் இறங்கும் தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேரைப் பேட்டி எடுக்கணும் அக்கா?" அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: என்ன கேட்கப் போகிறோம், யார் காதில் விழாமல் கேட்கப் போகிறோம். நம் தரவின் தரமும், பதில் சொல்லும் பெண்ணின் பாதுகாப்பும் அங்கேயே தீர்மானமாகிவிடுகின்றன.

வாசிப்பை இரண்டு கட்டுரைகளில் தொடங்கலாம். லோரி ஹெய்ஸ் 1998இல் எழுதியது, தனிமனிதர், உறவு, சுற்றுவட்டாரம், சமூகம் என நான்கு அடுக்குகளில் காரணங்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ரேச்சல் ஜூக்ஸ் 2002இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது, நம் நாட்டு அனுபவத்தோடு அதை இணைக்கும்.

இனி கேள்விகள். "உங்கள் கணவர் உங்களைக் கொடுமைப்படுத்தியிருக்கிறாரா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் தமிழ் நன்றாகப் பேசும் ஒரு பாட்டி என்னிடம், "அடியெல்லாம் கிடையாதும்மா, கோபம் வந்தா கை நீட்டுவார், அவ்வளவுதான்" என்றார். அவர் மறைக்கவில்லை. அவர் கணக்கில் அது வன்முறையில் சேரவே இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் செயல்களைத் தனித்தனியாகக் கேட்கிறது: அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கழுத்தை நெரித்தாரா, கத்தியைக் காட்டி மிரட்டினாரா. ஒவ்வொன்றுக்கும் கடந்த 12 மாதத்தில் நடந்ததா, அதற்கு முன்பா, ஒரு முறையா, பல முறையா என்று தொடர வேண்டும். அவமானப்படுத்துவது, பணத்தைப் பிடித்து வைப்பது, அம்மா வீட்டுக்குப் போக விடாமல் தடுப்பது, இவற்றையும் விடாதீர்கள். தமிழில் கேட்கும்போது புத்தகச் சொல் வேண்டாம். வீட்டில் புழங்கும் சொல்லில் எழுதி, இரண்டு மூன்று பாட்டிகளிடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.

அடுத்து இடம். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட நெறிமுறைகளை முன்மொழிவு எழுதும் முன்பே படித்துவிடுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூடப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்கிறது அது. முதலில் எனக்கு இது மிகையாகத் தோன்றியது, ஆனால் மூன்று வயதுப் பிள்ளை கேட்டதை இரவே அப்பாவிடம் ஒப்பிக்கும். வெளியே சொல்லும் தலைப்பு "பெண்கள் உடல்நலம்" போல இருக்கட்டும், முழு விஷயத்தையும் பேட்டி கொடுப்பவரிடம் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கோயிலில் கூழ் பிரார்த்தனைக்குக் கூட்டம் கூடும் நாளில் பின்னறையில் பேட்டி எடுத்தேன். அங்கே போவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேச்சின் நடுவே அந்தப் பெண்ணின் மாமியார் எட்டிப் பார்த்தார். உடனே கையில் தயாராக இருந்த இரத்த அழுத்தம், சர்க்கரை பற்றிய தாளுக்கு மாறினோம். இப்படி ஒரு மாற்றுத்தாள் கட்டாயம் வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

சட்டமும் இதில் வருகிறது. நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோர்மீது குடும்ப வன்முறை நடப்பது தெரிந்தால் வயதுவந்த யாரும் புகார் செய்தாக வேண்டும். ஆகவே, "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த விதிவிலக்கைப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

காரணம் பற்றிய அத்தியாயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் "குடிதான்" என்பார்கள். குடி அடியைக் கூட்டுகிறது, உண்மை. ஆனால் குடித்துவிட்டுத் தன் முதலாளியை அடிக்காதவர் வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறாரே, அந்த அனுமதி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். வறுமையும் அப்படித்தான். லிம்போபோ மாகாணத்தில் நடந்த இமேஜ் ஆய்வு (லான்செட், 2006) சிறுகடனோடு ஆண் பெண் உறவு பற்றிய பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் பெண்கள் சொன்ன துணைவர் வன்முறை ஏறக்குறைய 55 சதவீதம் குறைந்தது. கடனா, பயிற்சியா, எது வேலை செய்தது என்று விவாதிக்க இதைவிட நல்ல ஆய்வு உங்களுக்குக் கிடைக்காது.

ஒரே நேரத்தில் எடுத்த பேட்டியை வைத்துக்கொண்டு "வன்முறையால் மனச்சோர்வு வந்தது" என்று எழுதினால் தேர்வாளர் நிச்சயம் கேள்வி கேட்பார். மனச்சோர்வில் இருந்தவர்தான் பின்னால் வன்முறைக்கு ஆளானார் என்றும் இருக்கலாம். "தொடர்பு இருக்கிறது" என்று எழுதுங்கள். கிழக்கு கேப் மாகாண இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஜூக்ஸ் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பின்னாளில் எச்ஐவி தொற்று அதிகம் என்று அவர்களால் காட்ட முடிந்ததற்குக் காரணம், எது முதலில் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு இந்தத் தலைப்பை அதிக ஆபத்துள்ளதாகவே பார்க்கும், அனுமதி வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் பக்கத்து ஆலோசனை மையத்தில் பேசி, தேவைப்படுபவரை யாரிடம் அனுப்புவது என்று ஏற்பாடு செய்யுங்கள். 0800 428 428 என்ற இலவச உதவி எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள், எழுதிக் கொடுத்த சீட்டு கணவர் கையில் சிக்கலாம். அப்புறம், ஒரு நாளைக்கு ஒரு பேட்டிக்கு மேல் வேண்டாம். கேட்டதைக் கொட்டித் தீர்க்க உங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். அது யார் என்று நெறியாளரோடு முதல் பேட்டிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.