ஆல்மா ரெவிலின் கட்டிங் மேசை

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் மனைவி என்ற அடைமொழியோடுதான் ஆல்மா ரெவிலின் பெயர் பெரும்பாலும் வருகிறது. தொழில்முறையில் பார்த்தால் அவர்தான் மூத்தவர். லண்டனின் இஸ்லிங்டன் ஸ்டூடியோவில் ஹிட்ச்காக் டைட்டில் கார்டு (பேசாப்படத்தில் வசனமும் விளக்கமும் எழுதிக் காட்டும் அட்டை) வரையும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே ஆல்மா கைதேர்ந்த எடிட்டர். இருவரும் 1899 ஆகஸ்டில் ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். ஆனால் ஆல்மா பதின்ம வயதிலேயே ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோவின் கட்டிங் அறைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு அது முழுக்கக் கைவேலை. ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணாலேயே ஃபிரேமைத் தேடி, கத்தரியால் வெட்ட வேண்டும். 35 எம்.எம். ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். ஒட்டுவதற்கு, ஒரு முனையில் மெல்லிய கீற்றளவு எமல்ஷனை, அதாவது படம் பதிந்திருக்கும் மேல்பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் தடவி, மறுமுனையை மேலே வைத்து அழுத்த வேண்டும். எமல்ஷன் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் புரொஜெக்டரில் ஓடும்போது ஜாயின்ட் விட்டுவிடும். அதிகம் சுரண்டினால் அந்த இடம் பலமிழந்து அறுந்துபோகும். ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஒரு ஃபிரேமாவது நஷ்டம். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம் வேறு. ஒரு தீப்பொறி பட்டால் போதும். இங்கே பழகியவர்கள் கத்தரியை எடுக்கும் முன்பே முடிவெடுத்துவிடுவார்கள். பிற்பாடு ஆல்மா செய்த எழுத்து வேலைக்கும் இந்தப் பழக்கம்தான் அடித்தளம் என்பது என் எண்ணம்.

கட்டிங் மேசையில் தலைவலி தரும் தவறுகள் பெரும்பாலும் படப்பிடிப்பிலிருந்து வருபவை. லாங் ஷாட்டில் வலது கையில் இருந்த கோப்பை குளோசப்பில் இடது கைக்குப் போயிருக்கும். வலப்பக்கமாக ஃபிரேமை விட்டு வெளியேறியவர் அடுத்த ஷாட்டில் அதே வலப்பக்கத்திலிருந்து நுழைந்தால், போன ஆள் திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றும். பேசாப்படத்தில் நடுவே ஒரு டைட்டில் கார்டைச் செருகிச் சமாளிக்கலாம். பேசும்படம் வந்ததும் அந்த வழி அடைபட்டது. எந்த இடத்தில் வெட்டு விழும் என்பதை எழுதும்போதே யோசித்தாக வேண்டியதாயிற்று. எழுதத் தெரிந்து, வெட்டவும் தெரிந்த ஆல்மாவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

'த 39 ஸ்டெப்ஸ்' (1935), 'த லேடி வேனிஷஸ்' (1938) படங்களில் அவர் பெயர் கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பிசகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, என்ற தலைப்பில் வருகிறது. 'சஸ்பிஷன்' (1941), 'ஷேடோ ஆஃப் எ டவுட்' (1943) படங்களில் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர். கணவரின் புகழ் அவரை மறைத்தது உண்மைதான். கன்டின்யூட்டி என்ற வேலையும் சேர்ந்து மறைத்தது. சரியாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. பிசகினால் மட்டும் கேள்வி வரும். 1979-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் விருதை வாங்கும்போது ஹிட்ச்காக் நால்வருக்கு நன்றி சொன்னார்: ஓர் எடிட்டர், ஒரு திரைக்கதை ஆசிரியர், தன் மகளின் தாய், ஒரு சமையல்காரர். நால்வருமே ஆல்மா. அதில் எடிட்டரை முதலில் சொன்னது மிகச் சரி.

'சைக்கோ' (1960) முடிந்து போட்டுப் பார்த்தபோது, ஷவரில் நடக்கும் கொலைக்குப் பின் பிணமாகக் கிடக்கும் நடிகை ஜேனட் லீயிடம் ஒரு சின்ன அசைவைக் கண்டுபிடித்தவர் ஆல்மாதான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்கள் கண்ணுக்கு இது தப்பிவிடும். செத்துவிட்டாள் என்று மனம் ஏற்கெனவே நம்பியிருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகையில் அரை நொடி அசைவு என்றால் 12 ஃபிரேம். கேமரா நகரும் ஷாட்டின் நடுவிலிருந்து அத்தனை ஃபிரேமைச் சும்மா உருவ முடியாது, படம் குதிக்கும். இடையில் வேறொரு ஷாட்டை வைத்தால்தான் குதிப்பு மறையும். பிணத்தின் கண்ணிலிருந்து கேமரா விலகும் அந்த ஷாட்டைப் பாருங்கள், நடுவே ஷவரின் குளோசப் வந்துபோகும். அந்தப் படத்தின் டைட்டிலில் திரைக்கதை ஜோசப் ஸ்டெஃபானோ, எடிட்டிங் ஜார்ஜ் டோமாசினி. ஹிட்ச்காக் படங்களின் டைட்டிலில் ஆல்மாவின் பெயர் வருவது 1950-இல் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தோடு நின்றுவிட்டது.