குடமுருட்டிக் கரையில் பங்குனி

மார்ச் 16

காவிரி டெல்டாவைப் பார்க்க வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் பச்சை வயலைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பங்குனியில் வரவேண்டும். குடமுருட்டி ஆற்றில் மணல்தான் கிடக்கும், ஆனால் யாரும் விதைக்காதது முளைக்கிற மாதம் இது.

பாபநாசத்துக்கு மேற்கே வாய்க்கால் வரப்போடு நடந்தேன். அறுத்த சம்பா வயலில் உளுந்து காய் முற்றி நிற்கிறது. அறுப்புக்கு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் தெளித்தது. மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வந்துவிடும். உளுந்து தெளிக்காத வயலெல்லாம் கொட்டைக்கரந்தை. ஊதாவும் சிவப்பும் கலந்த குட்டி உருண்டைப் பூக்கள். மிதித்தால் காட்டமான வாசனை, செருப்போடு வீடு வரைக்கும் வரும். வாய்க்கால் ஓரம் பொடுதலை பூத்திருக்கிறது. துவையலுக்குக் கொஞ்சம் பறித்துக்கொண்டேன்.

மார்ச் 23

மொட்டைப் பனையில் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது அழுக்குப் பழுப்பாக ஒரு பறவை, அவ்வளவுதான். ஜோடி சேரும் காலமாயிற்றே, திடீரென்று உயரக் கிளம்பி, கரகரவென்று கத்திக்கொண்டே குட்டிக்கரணம் போட்டு இறங்கியது. இறக்கை விரிந்ததும் இரண்டு விதமான நீலம். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஏப்ரல் 2

ராமநாதபுரம் பக்கத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் கிடை போட, அதாவது வயலுக்கு எரு சேர ஆடுகளை அடைத்துவைக்க, வந்துவிட்டார்கள். ஆட்டு மந்தையின் காலடியிலேயே உண்ணிக்கொக்குகள், கழுத்தில் காவி ஏறத் தொடங்கிவிட்டது. குறுக்கே போகலாம் என்று வரப்பிலிருந்து இறங்கினேன்.

“தம்பி, அங்கிட்டுப் போகாதீக. ஆக்காட்டி முட்டை வச்சிருக்கு.”

“எங்கண்ணே?”

கீதாரி ஒருவர் கம்பை நீட்டிக் காட்டினார். வெறும் கட்டாந்தரை, சுற்றிக் கொஞ்சம் மண்கட்டி. நடுவில் நாலு முட்டை, கூர்முனையெல்லாம் உள்பக்கம் திரும்பியிருந்தது. மண் நிறத்தில் கரும்புள்ளி. அவர் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்தித் தீர்த்தது. விலகி வந்து வரப்பில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அது குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. இந்த வெயிலில் முட்டையைச் சூடாக்குவதைவிடக் குளிர வைப்பதுதான் பெரிய வேலை. மந்தையை அந்த மூலைக்கு விடுவதில்லையாம். “அதுவும் நம்மளமாதிரி வெட்டவெளியில கெடக்கு” என்றார்.

ஏப்ரல் 5

விடிகாலை இலுப்பைத் தோப்பு. தரை முழுக்க வெளிர்மஞ்சள் பூ, வௌவால் தின்றது போக மிச்சம். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். இனிப்புதான், ஆனால் வாசனை தொண்டையில் நிற்கிறது. ஆலை இல்லாத ஊர்க்காரர்கள் பாவம்.

ஏப்ரல் 13

கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான்கள் இல்லை, வடக்கே கிளம்பியிருக்கும். புங்கை கொட்டிவிட்டது, வேம்பு பூத்திருக்கிறது. நாளை பச்சடிக்கு ஆயிற்று.

ஆற்றின் மணல்கரையில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் பொந்து குடைகின்றன. ஒன்று மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, இன்னொன்று தும்பியைப் பிடித்துக் கிளையில் அடித்துக்கொண்டு காத்திருக்கிறது. மணல் அள்ளிச் சரிந்த இடத்தில் ஒரு பொந்துகூட இல்லை. செங்குத்தாக நிற்கிற கரையில்தான் குடைந்திருக்கின்றன. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் குஞ்சுகள் பறந்தாக வேண்டும். ஒரு ஜோடி மட்டும் ரொம்பத் தாழ்வாகக் குடைகிறது.