மோதும் பிளாஸ்மாக்கள்

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாலான சூடான வாயுவை, உருவாக்கி ஆராயும் மேக்பை கருவியைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆச்சரியம் தீரவில்லை. மெல்லிய கம்பிகளுக்குள் சுமார் 14 லட்சம் ஆம்பியர் மின்சாரம், அதுவும் சில நூறு நானோநொடிகளுக்குள்! கம்பிகளிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா, காந்தப்புலத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு பாய்கிறது. அப்படி இரண்டு ஓட்டங்களை மோதவிடுகிறார்கள்.

மோதும் இடத்தில் எதிரெதிர் காந்தக்கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைய, காந்த ஆற்றல் வெப்பமாகவும் பிளாஸ்மாவின் இயக்க ஆற்றலாகவும் மாறுகிறது. சூரியத் தெறிப்புகளிலும் இதுதான் நடக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அளக்கும் விதம். லேசர் ஒளியின் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தே காந்தப்புலத்தைக் கணக்கிடுகிறார்கள். அப்புறம், கார்பன் கம்பிகளை வைத்தபோது மோதும் இடத்தின் நடுவிலிருந்த மின்னோட்டத் தகடு (மின்சாரம் பாயும் மெல்லிய பிளாஸ்மா அடுக்கு), பிளாஸ்மாய்டு எனும் காந்தத் தீவுகளாக, அதாவது காந்தக்கோடுகள் வளையமாகச் சூழ்ந்த பிளாஸ்மாத் திட்டுகளாக, உடைந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வின் படங்களை அவசியம் தேடிப் பாருங்கள்.